மில்லிக்கனில் ஒரு மெக்சிக்கோச் சேமக்காலை

எங்கள் ஆராய்ச்சி நிலையத்துக்கு இப்போது ஒரு சின்னக் கருவி வந்திருக்கிறது. அதைச் சுவரை நோக்கிப் பிடித்துப் பொத்தானை அழுத்தினால் தூரத்தைத் தானே சொல்லிவிடும். அளவு நாடாவின் ஒரு முனையை ஒருவரும் மறு முனையை இன்னொருவரும் பிடித்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. அந்த இன்னொருவர் நான்தான். கருவி வந்த அதே மாதம் என் முழங்கால்களும் இனிப் போதும் என்று சொல்லிவிட்டன. ஐம்பத்தேழு வயதில் ஓய்வு பெற்றுக்கொண்டேன்.

பிரியாவிடை அன்று புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கேக் வெட்டிவிட்டு, "அங்கிள், அந்தக் காலத்துக் கதை ஏதாவது சொல்லுங்கோ" என்றார்கள். நான் எழுந்து நின்றேன். நன்றி என்றேன். இருந்துவிட்டேன். நாலு பேருக்கு முன்னால் எனக்கு வாய் வராது. "பேச வராட்டி எழுது மரியதாஸ், எழுதுறது ஒருத்தருக்கும் கேக்காது" என்றார் என்னோடு வேலை செய்த கணேஸ் அண்ணை. அதனால் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீவுப் பகுதியில் பிறந்து, தகப்பனோடு கடலுக்குப் போய், எண்பதுகளில் அகதியாக ரொறன்ரோ வந்து, உணவகங்களில் கோப்பை கழுவி, பிறகு கட்டடங்கள் கூட்டித் துடைத்த கதை எல்லோருக்கும் உள்ளதுதான். அதை விட்டுவிடுகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்காபரோவின் மில்லிக்கனில், ஸ்டீல்ஸ் வீதிக்குப் பக்கத்தில் கடைகள் நிறைந்த ஒரு பிளாசாவின் பின்புறமிருந்த பெரிய களஞ்சியத்தைத் துப்புரவு செய்யப் போனேன். உள்ளே அட்டைப் பெட்டிகளும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியும் இருந்தார்கள். அவர் அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறு முனையைப் பிடிக்க ஆளில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் தும்புத்தடியைச் சாத்திவிட்டுப் போய்ப் பிடித்தேன். அதுதான் நேர்முகத் தேர்வு.

அவர் பெயர் வினிஃப்ரெட். நாங்கள் டொக்டர் வின் என்போம். ஸ்பானியர்கள் அமெரிக்கக் கண்டத்தைப் பிடித்த காலத்தில் அவர்களுடைய குருமார் பாலைவனங்களில் கட்டிய மிஷன்களை ஆராய்வது அவருடைய வாழ்க்கை. மிஷன் என்றால் கோயில் மட்டுமல்ல. கோயில், குருமார் தங்கும் அறைகள், சமைக்கும் குசினி, தானியக் களஞ்சியம், இறந்தவர்களைப் புதைக்கும் சேமக்காலை எல்லாம் ஒரே மதிலுக்குள். கட்டியவர்கள் அந்தந்த ஊர்ச் சனங்கள், கட்டுவித்தவர்கள் குருமார். இப்போது அவை மழையில் நனைந்த பனங்கட்டி போலக் கரைந்து கிடக்கின்றன. அவை முழுதாகக் கரைவதற்கு முன் அளந்து, வரைந்து, பதிந்து வைப்பதே நிலையத்தின் வேலை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. டொக்டர் வின்னுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. வெயில் பட்டால் தோல் கொப்பளித்துவிடும். மிஷன்கள் இருப்பதோ வெயிலைத் தவிர வேறொன்றும் இல்லாத இடங்களில். எனவே அவர் மிஷன்களை ஸ்காபரோவுக்கு வரவழைத்தார். அங்கே இருப்பவர்கள் அளந்து தொலைபேசி வழியே பக்ஸ் அனுப்புவார்கள். நாங்கள் அந்த அளவுகளைக் களஞ்சியத்தின் சீமெந்துத் தரையில் உண்மையான நீள அகலத்தில் நிறநாடா ஒட்டிப் போடுவோம். அதன் மேல் நடந்து பார்த்த பிறகுதான் அவர் படம் வரைய விடுவார்.

"காகிதத்தில் எல்லாக் கட்டடமும் நிமிர்ந்து நிற்கும். நடந்து பார்த்தால்தான் பொய் தெரியும்" என்பார்.

ஒருமுறை ஒரு மிஷனின் குசினிக்குள் நடந்து பார்த்ததில் அதற்கு வாசலே இல்லை என்று தெரிந்தது. இரண்டு வாரம் பக்ஸ் போய் வந்தது. கடைசியில் எனக்கும் கணேஸ் அண்ணைக்கும் இடையே நாடா சுருண்டு கிடந்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்தோம். சுருளுக்குள் வாசல் இருந்தது.

கணேஸ் அண்ணை ஊரில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்தவர். நாடாவின் முதல் முனை அவர். நெற்றியில் திருநீறு இல்லாமல் வேலைக்கு வரமாட்டார். வாயும் சும்மா இராது. ஸ்பானியப் பெயர்கள் நாக்கில் நிற்காததால் ஒவ்வொரு மிஷனுக்கும் தானே பெயர் வைப்பார். ஒன்று கோணல் கோயில், ஒன்று வாசலில்லாக் குசினி.

டொக்டர் வின் நாடாவை மூன்று நிறத்தில் வாங்குவார். கண்ணால் கண்ட சுவருக்குச் சிவப்பு. அத்திவாரம் மட்டும் மிஞ்சியிருந்தால் மஞ்சள். ஒருவர் வாயால் சொன்னது மட்டும் என்றால் நீலம். நீலம் கடைசிப் படத்தில் சேராது. நிலையத்தில் அவருடைய ஒரே சட்டம் அதுதான். "உனக்குத் தெரிந்ததை எழுதாதே. கண்டதை எழுது" என்று ஒவ்வொரு காலையும் சொல்வார். பிறகு வணக்கம் சொல்வார்.

இன்னொரு நடைமுறை என்னால் வந்தது. முதல் முறை கோயில் ஒன்றைத் தரையில் போட்டு முடித்ததும், சப்பாத்தோடு உள்ளே போக எனக்குக் கால் வரவில்லை. ஊரில் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்த்தான் பழக்கம். கோட்டுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டுப் போனேன். பீடம் வரும் இடத்தில் ஒரு முழங்காலை மடித்து எழும்பினேன். என்னைப் பார்த்துக் கணேஸ் அண்ணையும் கழற்றினார். "ஆற்றை கோயிலெண்டாலும் கோயில்தானே" என்றார். டொக்டர் வின் இதை ஒரு வாரம் கவனித்தார். நாடா கிழியாமல் நெடுநாள் இருப்பதையும் கவனித்தார். அடுத்த திங்கட்கிழமை எல்லோருக்கும் கம்பளிக் காலுறை வாங்கி வந்தார். பீடத்தடியில் முழங்கால் மடிப்பது கோட்டின் நேரைத் தரைமட்டத்தில் பார்ப்பதற்கு என்று அவரே முடிவு செய்து, அதையும் சட்டமாக்கிவிட்டார். எனக்கு விளக்கம் சொல்ல வெட்கம். அதன் பிறகு நிலையத்துக்கு வந்த பேராசிரியர்கள் எல்லோரும் பீடத்தடியில் முழங்கால் மடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நான் சொல்ல வந்தது இந்த வேடிக்கைகளை அல்ல. ஒரு மிஷனைப் பற்றி.

மெக்சிக்கோவின் வடக்கில், பாலைவனத்தில் அது இருந்தது. குதிரையில் இருக்கும் புனிதர் சந்தியோகுமையோர் பெயரில் கட்டியது. அவர் எங்கள் தீவுகளிலும் குதிரையில் இருப்பவர் என்பதால் எனக்கு அந்த மிஷனில் ஒரு உரிமை. அங்கிருந்து அளவு அனுப்பியவர் எஸ்தேபான் என்ற காவலாளி. சுற்றியிருந்த கிராமம் வெறுமையாகிவிட்டது. சனங்கள் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். மாகாணம் மிஷனைக் காவல் காக்கச் சம்பளம் கொடுத்து வைத்திருந்ததால் அவர் மட்டும் நின்றார். அவருடைய பக்ஸ்கள் சுத்தமாக இருக்கும். அளவுகளின் அடியில் எப்போதும் சேமக்காலையின் ஒரு மூலையைப் பேனாவால் சுற்றி அனுப்புவார். அங்கே அவருடைய தங்கை கிடந்தாள். சின்ன வயதில் காய்ச்சலில் போனவள். அந்தச் சேமக்காலையில் கடைசியாகப் புதைத்த பிள்ளை. மரச்சிலுவை கறையான் தின்று போய்விட்டது. மற்றக் குழிகளுக்கும் அடையாளம் எதுவும் இல்லை. எது எங்கே என்று எஸ்தேபானுக்கு மட்டும் தெரியும்.

மாகாணம் அந்த வழியாக ஒரு வீதி போட நினைத்தது. கோயிலைத் தொடமாட்டார்கள். வீதி சேமக்காலைக்கு மேலால் போகும். அங்கே ஒரு சட்டம் இருந்ததாம்: சனங்கள் வந்து மரியாதை செய்வதைக் கண்ணால் கண்டு பதிந்திருந்தால் அந்த இடத்தின் மேல் வீதி போடக்கூடாது. எஸ்தேபான் ஒவ்வொரு வருடமும் மெழுகுதிரி ஏற்றுகிறார்தான். ஆனால் அவர் சம்பளத்துக்கு நிற்பவர். அவர் ஏற்றும் திரி அவருடைய வேலையில் சேருமாம், மரியாதையில் சேராதாம். எங்கள் நிலையத்தின் படத்தை வைத்தே முடிவெடுப்போம் என்று மாகாணம் எழுதியது.

டொக்டர் வின் இரண்டு நாள் எஸ்தேபானின் பக்ஸ்களைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு நீல நாடாச் சுருளை எடுத்து என் கையில் தந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. "ஒருவர் சொன்னது மட்டும்தான் இருக்கிறது, மரியதாஸ்" என்றார்.

அந்த மிஷன் பெரியது. கோயிலும் அறைகளும் களஞ்சியத்துக்குள் அடங்கின. சேமக்காலை லோடிங் கதவைத் தாண்டி வெளியே, பிளாசாவின் கார் தரிப்பிடத்துக்குள் போயிற்று. தாரில் நாடா ஒட்டாது என்பதால் நீலப் பெயின்ற்றால் போட்டோம். எஸ்தேபான் நினைவிலிருந்து சொன்னபடி குழி குழியாக, சின்னதும் பெரியதுமாக நீள்சதுரங்கள்.

அதே பிளாசாவில் ராசன் என்ற தம்பியின் கொத்துரொட்டிக் கடை இருந்தது. பிக்கரிங், ஒஷாவாவில் இருந்தெல்லாம் சனம் வரும். அவர்கள் குழிகளின் மேல் காரை நிறுத்திவிட்டு ரோல்ஸ் வாங்கப் போனார்கள். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. நிறுத்தவேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஒரேஞ்சுக் கூம்புகளைக் கொண்டுபோய் மெதுவாக வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். எஸ்தேபானுடைய தங்கையின் சின்னக் குழியின் மேல் மட்டும் இரண்டு வைத்தேன்.

ஒருநாள் திரேசா அன்ரி என்னைப் பிடித்துக்கொண்டார். எங்கள் கோயிற் பங்குச் சனத்தில் ஒருவர். ஊரில் எனக்குப் பக்கத்துத் தீவு.

"தம்பி, உது என்ன பெட்டி பெட்டியாக் கீறி வைச்சிருக்கிறியள்?"

"சேமக்காலை, அன்ரி."

"ஆற்றை?"

"மெக்சிக்கோச் சனத்தின்ரை. முந்தின ஆக்கள். எங்களைப் போலை வேதக்காரர்தான்."

"இதுக்குக் கீழையோ இருக்கினம்?"

"இல்லை அன்ரி. சேமக்காலை மெக்சிக்கோவிலை. இங்கை கோடு மட்டும்தான்."

அவர் ரோல்ஸ் பையைக் கைமாற்றிக்கொண்டு நீலச் சதுரங்களை நெடுநேரம் பார்த்தார். அது போரால் தீவுக்கு ஒருவரும் போகமுடியாதிருந்த காலம். அவருடைய கணவரின் குழிமேல் யார் நிற்கிறார்கள், என்ன வளர்ந்திருக்கிறது என்று ஒன்றும் தெரியாது.

"எங்கடை சேமக்காலையும் இங்கை இல்லைத்தானே" என்றார். "இங்கை இல்லாததுக்கு இங்கை இல்லாததுதான் சரி. ரெண்டாம் திகதி வாறம்."

நவம்பர் இரண்டு, மரித்த விசுவாசிகளின் நாள். ஊரில் அன்றைக்குச் சேமக்காலை முழுக்கத் திரி எரியும். மெக்சிக்கோவிலும் அதே நாள்தான் பெரிய நாள் என்று எனக்கு அப்போது தெரியாது. மாகாணத்தின் பொறியியலாளர் படத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட அதே நாளில் வருகிறார் என்பதும் தெரியாது. அவருடைய அலுவலகத்திலிருந்து மிஷன் கொஞ்சத் தூரம்தானாம். ஆனால் அங்கே போனால் மண் மட்டும்தான் தெரியும், மிஷனைப் பார்ப்பதென்றால் ஸ்காபரோவுக்குத்தான் வரவேண்டும் என்றார்.

அவர் பெயர் ரோப்லெஸ். அளவுகளுக்குச் சாட்சி சொல்ல எஸ்தேபானையும் கூட்டி வந்தார். எஸ்தேபான் என்னைவிட வயதானவர், என்னைவிடக் குறைவாகப் பேசுபவர். மெல்லிய சட்டையோடு விமானநிலையத்தில் நடுங்கிக்கொண்டு நின்றார். கணேஸ் அண்ணை தன் குளிர் ஜக்கெற்றைக் கழற்றிப் போட்டுவிட்டார். களஞ்சியத்துக்குள் வந்ததும், ஒருவரும் சொல்லாமலே எஸ்தேபான் சிவப்புக் கோட்டுக்கு வெளியே சப்பாத்தைக் கழற்றினார். பீடத்தடிக்குப் போய் முழங்காலில் நின்றார். டொக்டர் வின் என்னைத் திரும்பிப் பார்த்தார். எஸ்தேபான் ஒரு கண்ணை மூடவில்லை என்பதைக் கவனித்திருக்கவேண்டும்.

பொழுது பட்டுக்கொண்டிருந்தது. டொக்டர் வின் வெளியே வரக்கூடிய நேரம். லோடிங் கதவை நான்தான் உயர்த்தினேன். உயர்த்தும்போதே மெழுகு மணம் வந்தது.

தரிப்பிடத்தில் கார் ஒன்றும் இல்லை. ராசன் கடையை மூடிவிட்டு வாசலில் நின்றான். முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். காற்றுக்குத் திரி அணையாமலிருக்க அவன் கொத்துரொட்டி கட்டும் அலுமினியப் பெட்டிகளைக் கிட்டத்தட்ட எல்லாக் குழிகளிலும் வைத்திருந்தார்கள். மஞ்சள் செவ்வந்திப் பூக்கள். மெல்லிய சினோப்பனி வேறு தூறியது. ஒவ்வொரு குடும்பமும் ஊரில் கிடக்கும் தங்கள் ஆளுக்கென்று ஒரு குழியை எடுத்திருந்தது. ஒரு மூலையில் சண்டை நடந்தது.

"எங்கடை அப்புவை அந்தாளுக்குப் பக்கத்திலை வையாதை."

"ஏன், இடம் நல்ல இடம்தானே?"

"ஊரிலை வேலிச் சண்டை. வழக்கு இன்னும் முடியேல்லை. அந்தக் கரைக்குக் கொண்டு போ."

"உங்கடை ஆக்கள் கார் பார்க்கையும் விடுறேல்லை" என்று கணேஸ் அண்ணை என் காதுக்குள் சொன்னார். சொல்லிவிட்டு, பெரிய குழி ஒன்றின் மேல் காற்றுக்கு மறைப்பாக நகர்ந்து நின்றுகொண்டார்.

என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். டொக்டர் வின் திரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு பலகையில் படத்தைச் செருகி, பென்சிலை எடுத்தார்.

"மரியதாஸ், நாடா."

"டொக்டர்?"

"கண்டதை எழுதவேண்டும். முதல் திரியிலிருந்து தொடங்கு."

நானும் கணேஸ் அண்ணையும் ஒவ்வொரு திரிக்கும் நாடா பிடித்தோம். மதிலிலிருந்து தூரம், மூலையிலிருந்து தூரம். முழங்காலில் இருந்தவர்கள் நாடாவுக்கு வழிவிட்டு நகர்ந்தார்கள். "என்ன தம்பி அளக்கிறியள், காணி பிரிக்கப் போறியளோ?" என்று ஒரு கிழவர் கேட்டார். டொக்டர் வின் எழுதிக்கொண்டே வந்தார்: திரி, எரிகிறது. வெள்ளிநிறப் பெட்டி. மண்டியிட்ட பெண். மொழி தெரியவில்லை.

ரோப்லெஸுக்குக் கோபம் வந்தது. இருவரும் ஸ்பானிய மொழியில் பேசியதை டொக்டர் வின் பிறகு எங்களுக்குச் சொன்னார். "டொக்டர், இவர்கள் உங்கள் ரொறன்ரோ ஆட்கள். இது கார் தரிப்பிடம். எங்கள் சேமக்காலைக்கு ஒருவரும் வருவதில்லை. இதை எப்படிப் பதியலாம்?"

"என்னிடம் இருப்பது ஒரே ஒரு படம், மிஸ்டர் ரோப்லெஸ்" என்றார் டொக்டர் வின். "நீங்களும் இதைப் பார்க்கத்தான் வந்தீர்கள். இங்கே நிற்கும்போது நீங்கள் எங்கே நிற்பதாக நினைக்கிறீர்கள்?"

ரோப்லெஸ் குனிந்து காலடியிலிருந்த நீலக் கோட்டைப் பார்த்தார். எஸ்தேபான் சதுரங்களின் ஓரமாக நடந்துபோய், இரண்டு கூம்பு வைத்த சின்னக் குழியடியில் நின்றிருந்தார். அதில் ஒருவரும் திரி வைக்கவில்லை. குழந்தையை இழந்த ஒருவர் வைக்கட்டும் என்று விட்டிருந்தார்கள். திரேசா அன்ரி அவரைப் பார்த்துவிட்டு ஒரு திரியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். எஸ்தேபான் அதை ஏற்றினார். அன்ரி தமிழில் அருள்நிறைந்த மரியே செபம் சொன்னார். அவர் ஸ்பானிய மொழியில் சொன்னார். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் முடிந்தன.

பிறகு அன்ரி ரோப்லெஸிடம் வந்தார். ரோப்லெஸுக்கு ஆங்கிலம் எவ்வளவு தெரியுமோ அன்ரிக்கும் அவ்வளவுதான்.

"மதர்? பாதர்?" என்று கேட்டார்.

ரோப்லெஸ் படத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். தாய் போன வருடம்தான் தவறினார் என்றும், இன்றைக்கு அவருடைய குழியடியில் நிற்காமல் இங்கே வர நேர்ந்துவிட்டது என்றும், தமையன்மார் அதற்காகத் தன்னோடு பேசாமல் இருக்கிறார்கள் என்றும் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். அன்ரிக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது.

"இந்தாரும் தம்பி. அந்த மதில் கரையிலை ஒண்டு சும்மா கிடக்கு" என்று ஒரு திரியை அவருடைய கையில் வைத்தார்.

அவர் போய் ஏற்றினார். நல்ல கோட்டோடு ஈரத்தாரில் முழங்காலில் நின்றார்.

டொக்டர் வின் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். போய் நாடாவைப் பிடித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கூச்சத்தோடு பிடித்த அளவு வேறில்லை. டொக்டர் வின் படத்தில் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்து எழுதினார்: திரி, எரிகிறது. மண்டியிட்ட ஆண். மாகாணப் பொறியியலாளர் ரோப்லெஸ். ரோப்லெஸுக்கு முன்னாலேயே நீலப் பென்சிலை வைத்துவிட்டுச் சிவப்பால் எழுதினார்.

சேமக்காலைக்கு ஒருவரும் வருவதில்லை என்று கையெழுத்துப் போட ரோப்லெஸால் முடியவில்லை. அவரே வந்திருந்தார். களஞ்சியத்துக்குள் போய்ப் படத்தை மேசையில் விரித்து வைத்து நெடுநேரம் இருந்தார். இடையில் ஒருமுறை சிரித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். எஸ்தேபான் அந்தக் கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். கணேஸ் அண்ணையின் ஜக்கெற்றோடேயே விமானம் ஏறினார்.

வசந்தத்தில் பக்ஸ் வந்தது. வீதி சேமக்காலையைச் சுற்றி வளைந்து போகிறதாம். பஸ் சாரதிகள் அந்த வளைவை வைதபடி ஓட்டுகிறார்களாம்.

பிளாசாவின் சொந்தக்காரர் தரிப்பிடத்தில் மெழுகு கிடப்பதாகக் குறைசொல்லி, கோடையில் எல்லாவற்றையும் சுரண்டிப் புதுத் தார் போட்டுவிட்டார். நீலச் சதுரங்கள் இருந்த இடத்தில் வெள்ளையில் கார் கோடுகள் வந்தன. அடுத்த நவம்பர் இரண்டாம் திகதி, திரேசா அன்ரி கையில் திரியும் பூவுமாக வந்து நடுத் தரிப்பிடத்தில் நின்றார். பின்னால் இன்னும் பத்துப் பதினைந்து பேர். கார்களுக்கு நடுவே தேடினார்கள்.

"தம்பி, எங்கடை ஆக்களை எங்கை கொண்டு போட்டியள்?"

கோடு போய்விட்டது என்று சொன்னால் போதும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை.

"மெக்சிக்கோவுக்குப் போட்டினம், அன்ரி. அங்கை ஒருத்தர் பாத்துக்கொள்ளுறார். இண்டைக்கு அங்கையும் திரி எரியும். வீதியும் சுத்தித்தான் போகுது."

அன்ரி பூவை ராசனுடைய கடை வாசலில் வைத்துவிட்டு, மப்ளரை இழுத்துக் காதை மூடிக்கொண்டார்.

"அப்ப நல்லது" என்றார். "அங்கை சினோவும் இல்லை."